கீழ்க்கண்ட நால்வரும்

பாடாங் செராயில் நகலெடுக்க
லிம் ஆன்ட்டி கடை ஒன்றுதான்.
இயந்திரம் சூடேறுவதற்குள்
நான்கு பல்கலைக்கழகத்து மதிப்பெண் பட்டியலையும்
கண்ணாடிப் பெட்டிமேல் பரப்பிவிட்டேன்.
வெளியே விளக்குக்கு நிற்கிறது
செம்பனைக் குலை ஏற்றிய லாரி.
கடைக்குள் அதன் புளித்த வாடை.

பினாங்கில் நான்
இளவேனி ஏ/பி சன்னாசி.
ஏ/பி என்றால் மகள்.
பிறப்புப் பத்திரத்திலிருந்தே
எனக்கும் அப்பாவுக்கும் நடுவில்
சாய்ந்து கிடக்கும் ஒரு கோடு.

ரோட்டர்டாம் கணினிக்குக் கோடு ஆகவில்லை.
செல்லாத எழுத்து என்று சிவப்பில் காட்டியது.
எடுத்தேன்.
மிச்சத்தை அதுவே வெட்டிக்கொண்டு
ஓராண்டு முழுக்க என்னை
மிஸ் ஆப் ஆக்கிவிட்டது.
டச்சுக் காதில் அது ஏறக்குறைய குரங்கு என்று
பக்கத்து இருக்கைக்காரி
ஜூன் மாதம்தான் சொன்னாள்.

"மிஸ் ஆப்,
அந்நியச் செலாவணி அபாயத்தை
எப்படிக் கையாள்வீர்கள்?"
யூரோ ஐந்து வெள்ளியைத் தாண்டிய வாரம்.
இரவுச் சாப்பாட்டை நிறுத்திக்
கையாண்டுகொண்டிருந்தேன்.
பதிலைப் புத்தகத்திலிருந்து சொன்னேன்.

லீலில் அப்பா பெயரே குடும்பப் பெயர்.
மதாம் சன்னாசி!
வணிகம் படிக்க வந்தவளுக்கு
வேறு யார் இப்படிப் பொருந்த வைப்பார்கள்?
சொகுசுப் பொருள் சந்தையில் நுழையும் உத்தி,
நாற்பது ஸ்லைடு,
ஒவ்வொன்றின் அடியிலும் சன்னாசி, சன்னாசி.
சிரிக்க அங்கே ஒரு தமிழ் ஆள் இல்லை.

எஃப்.ஓ.பி. ஒப்பந்தத்தில்
சரக்கு கப்பலேறும் நொடியோடு
அனுப்பியவர் பொறுப்பு முடிகிறது.
அந்தத் தாளில் எனக்கு முழு மதிப்பெண்.
அப்பா அந்த விதியைக் கேள்விப்பட்டதில்லை.
விமான நிலையக் கண்ணாடிக் கதவுக்கு அப்புறமும்
மாதம் ஐந்நூறு வெள்ளி வந்தது.
சேமநிதி இரண்டாம் கணக்கு காலியானதும்
ஞாயிற்றுக்கிழமையும் லோடு அடித்தார்.

தைப்பேயில் மூன்று சீன எழுத்து.
ஆன்ட்டி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் படித்தாள்:
"சாங்... நா... சி. சியாப்பா?"
யாரிது என்கிறாள்.
நான்தான் ஆன்ட்டி.
ஒருமுறை என்னை, ஒருமுறை தாளை.
"அழகா இருக்கு" என்றாள்.
என்ன பொருள்?
"பொருள் ஒன்னும் இல்ல. சத்தம் மட்டும்தான்."

பட்டம் தரவேண்டிய இடத்திலிருந்து
இரண்டு வரி வந்திருந்தது:
நால்வரும் ஒருவரே என்பதற்குச் சான்று தேவை.
பதினான்கு நாள் அவகாசம்.
பதினொன்று போய்விட்டது.

மாடியில் சத்தியப் பிரமாண ஆணையர்.
முத்திரைக்குப் பத்து வெள்ளி.
தாள்களைச் சீட்டுக்கட்டாய் விரித்துக் கேட்டார்:
"இதில் சரியான பெயர் எது?"

அஞ்சடியில் மோட்டாரை விட்டுவிட்டு
மழைச்சட்டை சொட்டச் சொட்ட
ஏறி வந்து நின்ற அப்பா
கேட்காமலே தன் அடையாள அட்டையை நீட்டினார்.
"வீட்டுல வெச்சது சன்னாசியப்பன்.
எழுதின கிராணி
பாதியோட நிறுத்திட்டாரு.
சம்பளம் இந்தப் பேருலதான் வந்துச்சு.
பிடித்தமும் இதுலதான்."

ஆணையர் பேனாவை உதறினார்.
என்கிற, என்கிற, என்கிற என்று
மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டார்.
"கையைத் தூக்குங்க."

தூக்கினேன்.
மேற்கண்ட நால்வரும் நானே.
வாசித்தபோது குரல் எதற்கோ தடுக்கியது.
ஆணையர் காத்திருந்தார்,
அடுத்த ஆள் நிலப் பட்டாவோடு இருமினான்.

கீழே,
தாளுக்கு இருபது காசு.
கறுப்பாய் வந்த ஒன்றை மட்டும்
ஆன்ட்டி கணக்கில் சேர்க்கவில்லை.
அப்பா அதைக் கேட்டு வாங்கி
மோட்டார் சீட்டின் ஈரத்தைத் துடைத்தார்.

"வேலை கிள்ளான் துறைமுகமா, சிங்கப்பூரா?"
தலைக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டது.
எனக்கே தெரியாது.
"சரி, ஏறு.
தபால் ஆபீஸ் அஞ்சு மணிக்குச் சாத்திருவான்."